மணிக்கோபுரம் வலது பக்கம்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். போவதற்குத்தான் வருடக்கணக்காகும். என் மனைவியின் அண்ணனோடு பதினெட்டு வருடம் நான் சரியாகப் பேசாமல் இருந்தேன் என்றால், சொத்துத் தகராறா என்று கேட்பார்கள். இல்லை. ஒரு காலண்டர் படம்தான் காரணம்.

அப்போது நாங்கள் இருவரும் சிவகாசியில் ஒரே அச்சகத்தில் வேலை பார்த்தோம். கண்ணாடி மேஜைக்கு அடியில் விளக்கைப் போட்டு, மேலே பிலிமை வைத்து, படத்தையும் எழுத்தையும் அதனதன் இடத்தில் ஒட்டுகிற வேலை. எதிரெதிர் மேஜை. அவர் என்னைவிட நாலு வயது மூத்தவர். ‘ஏலே மாப்ளே’ என்று அவர் கூப்பிட ஆரம்பித்தபோது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. பிறகு தன் தங்கையையே கொடுத்து, அந்த வார்த்தையை உண்மையாக்கிவிட்டார். என் மகளுக்கு அவர் மடியில் வைத்துத்தான் காது குத்தினோம். அவள் வீறிட்டு அழுததில் அவரும் கூடச் சேர்ந்து அழுதார், அவ்வளவு இளகிய மனசு.

அந்த வருடக் காலண்டர் சீசனில் ஒரு ஜவுளிக்கடை ஆர்டர் வந்தது. வெளிநாட்டுப் படம் வேண்டும் என்றார்கள். பம்பாயிலிருந்து ஒரு பிலிம் வந்தது. இத்தாலியில் ஒரு பெரிய தேவாலயம். முன்னால் வெள்ளையும் பச்சையுமாகக் கோடு போட்ட சுவர், பின்னால் சிவப்பாக ஒரு பிரமாண்டமான குவிமாடம், இடது பக்கத்தில் நெட்டையாக ஒரு மணிக்கோபுரம். கீழே ஒரு சின்னக் கார், அதன் பக்கத்தில் ஒரு ஆள். பிலிமை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் படம் படமாகத்தான் தெரியும். எழுத்து இருந்தால் இடம் வலம் மாறியதைக் கண்டுபிடித்துவிடலாம். இதில் ஒரு எழுத்துகூட இல்லை. மங்கலான பக்கம், வழவழப்பான பக்கம் என்று தடவிப் பார்க்கிற கணக்கும், வந்தது நகல் பிலிம் என்பதால் செல்லாது.

“மாப்ளே, இது திரும்பியிருக்குலே” என்றார் அவர். “இந்தா நிக்கான் பாரு, இவன் சட்டைப் பை வலப் பக்கம் இருக்கு. எவனுக்குலே வலப் பக்கம் பை வைப்பாக?”

“வெள்ளைக்காரன் சட்டை. அவன் ஊர்ல அப்பிடித்தான் தைப்பான்” என்றேன் நான். அதோடு விட்டிருக்கலாம். “காரைப் பாருங்க மச்சான், ஸ்டீரிங் வலப் பக்கந்தான இருக்கு, நம்மூர்க் கார் மாதிரி? அப்பப் படம் சரியாத்தான் இருக்கு.”

சட்டைக்கு அவன் ஊர் நியாயம், காருக்கு நம்மூர் நியாயம்! இதை இன்று எழுதும்போதே எனக்குக் காது சுடுகிறது. அன்று யாருக்கும் அது உறைக்கவில்லை. நான் காலேஜில் ஒரு வருடம் படித்தவன், இங்கிலீஷ் பேப்பர் வாசிப்பவன். அவர் எட்டாம் வகுப்பு. முதலாளி என் பக்கம் சாய்ந்தார். மச்சான் மறுபடியும் மறுபடியும் ‘திரும்பியிருக்கு’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. மொத்த ஆட்களுக்கும் முன்னால் சொன்னேன்:

“விஸ்வநத்தத்தத் தாண்டாத ஆளு இத்தாலிக்குத் திசை சொல்ல வந்துட்டாரு!”

எல்லாரும் சிரித்தார்கள். அவர் விளக்கை அணைத்தார், சட்டையை மாட்டினார், போனார். மறுநாள் வரவில்லை. சிவகாசியை ஒட்டிய அதே விஸ்வநத்தத்திலேயே ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கப் போய்விட்டதாகச் சொன்னார்கள். படம் நான் ஒட்டியபடியே அச்சாகி, மாவட்டம் முழுக்கச் சுவரில் தொங்கியது.

அவர் மன்னிப்புக் கேட்டால்தான் பேசுவேன் என்று நான் வீராப்பாக இருந்தேன். அவர் வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்று என் மனைவியிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டேன். மாரியம்மன் பொங்கலில், யார் வீட்டுக் கல்யாணத்திலாவது எதிரே பார்த்தால் அவர் முறை தவறாமல் சொல்வார்: “வாங்க மாப்ளே. சாப்பிட்டீகளா?” அவ்வளவுதான். அந்த ‘லே’ போய்விட்டது. ‘வாங்க’ என்று மரியாதை கொடுத்து ஒரு மனிதனைத் தள்ளி நிறுத்த முடியும் என்பதை எங்கள் ஊரில் பிறந்தவனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வருடங்கள் ஓடின. நான் சொந்தமாகச் சின்னதாய் ஒரு அச்சகம் போட்டேன். இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருடம் போயிருக்கும், பேப்பர் ஏஜென்ட் தன் வாடிக்கையாளர்களை மனைவியோடு ஐரோப்பா டூர் கூட்டிப் போகிறேன் என்றார். சீசன் இல்லாத சித்திரை மாதம். அதே நேரத்தில்தான் என் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்து, ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தோம்.

பெட்டி அடுக்கும்போது என் மனைவி பேச்சை எடுத்தாள். “எந்த ஊருக்கு வேணும்னாலும் வாரேன். திரும்பி வந்ததும் எங்க அண்ணனப் போய்க் கூப்பிடணும். தாய்மாமன் இல்லாம எம்பிள்ள மணையில உக்காராது.”

“அவரு மொத எங்கிட்ட வரட்டும்.”

“அப்பக் கல்யாணத்த நீங்களே நடத்திக்கிடுங்க” என்று பெட்டியை டப்பென்று மூடினாள். மதுரையில் விமானம் ஏறும் வரை என்னோடு பேசவில்லை.

நாற்பது பேர், ஒரு பஸ், சாம்பார்ப் பொடியோடு ஒரு சமையல்காரர் என்று நாங்கள் இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகருக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு காலை நேரம். டூர் அட்டையில் ஊர்ப் பெயர்தான் இருந்தது. எந்தக் கட்டடம் என்று நான் பார்க்கவில்லை. பெரிய பஸ் உள்ளே போகாது என்று தூரத்திலேயே இறக்கிவிட்டார்கள். குறுகலான தெரு. இரண்டு பக்கமும் கல் வீடுகள் வானத்தை மறைத்து நிற்கின்றன. ஒரு முக்குத் திரும்பினோம்.

யாத்தாடி!

அந்தச் சின்னத் தெருவின் முடிவு முழுவதையும் அடைத்துக்கொண்டு, காலண்டரில் ஒரு சாண் அகலத்துக்கு நான் ஒட்டிய அந்தக் கட்டடம் நின்றது. படத்தில் கோடு என்று நான் நினைத்தவை எல்லாம் வெள்ளைப் பளிங்கு, பச்சைப் பளிங்கு, ரோஜா நிறப் பளிங்கு. ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் இன்னும் சின்னக் கோடு, அதற்குள் பூ வேலை. கழுத்தை எவ்வளவு வளைத்தாலும் மேலே இன்னும் இருந்தது. இவ்வளவு பெரியதை மனிதனா கட்டினான்?

பிறகுதான் மணிக்கோபுரத்தைப் பார்த்தேன். வலது பக்கம் நின்றது.

உடனே ஒப்புக்கொள்கிற ஜென்மமா நான்? படம் பின்பக்கமிருந்து எடுத்ததாக இருக்கும் என்று என்னையே தேற்றிக்கொண்டு, கூட்டத்தை விட்டுவிட்டுக் கட்டடத்தைச் சுற்ற ஆரம்பித்தேன். சுற்றச் சுற்ற முடியவேயில்லை. எங்கள் ஊர்த் தெரு ஒன்றையே உள்ளே வைத்துவிடலாம். பின்பக்கம் போனபோது முன்சுவரெல்லாம் மறைந்து, சிவப்புக் குவிமாடம் தனியாகத் தலைக்கு மேல் எழுந்தது. எட்டுப் பட்டை. ஒவ்வொரு மூலைக்கும் வெள்ளைக் கல்லில் ஒரு விலா எலும்பு. அத்தனை எலும்பும் உச்சியில் ஒன்று சேர்கின்றன. சண்டை, சட்டை, மச்சான் எல்லாம் மறந்து நான் அண்ணாந்து பார்த்தபடி நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

என் மனைவிதான் தேடிக்கொண்டு வந்தாள். “இங்கன நின்னு என்ன பாக்கீக? அம்புட்டுப் பேரும் உள்ள போயாச்சு.” தரையில் என் காலுக்குக் கீழே ஒரு வட்டமான வெள்ளைப் பளிங்கு பதித்திருந்தது. குவிமாடத்தின் உச்சியில் இருந்த செம்புக் கோளம் முன்னொரு காலத்தில் இடி விழுந்து உருண்டு வந்து விழுந்த இடமாம், வழிகாட்டி பிறகு சொன்னாள். விழுந்ததை மூடி மறைக்காமல் கல் பதித்துக் குறித்து வைத்திருக்கிறார்கள். நான் அதன்மேலேதான் நின்றுகொண்டிருந்தேன்.

முன்வாசலுக்கு வந்தால், அங்கே ஒரு கூத்து. எங்கள் ஆட்கள் எல்லாரும் செருப்பையும் ஷூவையும் வாசலில் வரிசையாகக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே போயிருந்தார்கள். காவலாளி அந்த வரிசையைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். வேண்டாம் என்று சைகை காட்டினார். கோயிலுக்குள் செருப்பா என்று நாங்களும் கழற்றிவிட்டோம். அந்தப் பளிங்குத் தரையின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறியது நல்லதாகத்தான் இருந்தது.

உள்ளே வழிகாட்டியான இத்தாலிக்காரப் பெண் கதை சொல்ல, எங்கள் டூர் மேனேஜர் தமிழில் திருப்பிச் சொன்னார். இந்தக் கோயிலைக் கட்ட ஆரம்பித்தவர்களுக்கு மேலே உள்ள எட்டுப் பட்டைத் திறப்பை எப்படி மூடுவது என்று தெரியாதாம். அவ்வளவு அகலத்துக்குச் சாரம் கட்ட மரமும் கிடையாது. இருந்தும் சுவரை எழுப்பிக்கொண்டே போயிருக்கிறார்கள். தாத்தா கட்டி, பேரன் கட்டி, நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் உச்சியில் ஓட்டைதான். மழையும் வெயிலும் உள்ளே விழுந்திருக்கிறது. என்றைக்காவது ஒருவன் வருவான், மூடுவான் என்ற தைரியம்!

“நல்லாருக்கே! தாய்மாமன் வராமலே கல்யாணத்துக்கு நாள் குறிச்ச மாதிரி” என்றாள் என் மனைவி, என்னைப் பார்க்காமல், குவிமாடத்தைப் பார்த்து.

கடைசியில் வந்தவன் கட்டடக்காரனே இல்லையாம். நகை செய்கிறவன், பொற்கொல்லன். வேறொரு போட்டியில் தோற்று, ரோமுக்குப் போய், இடிந்த பழைய கோயில்களை அளந்து அளந்து படித்துவிட்டு வந்தவன். அடியிலிருந்து தாங்கும் சாரமே இல்லாமல் மூடிக் காட்டுகிறேன் என்றானாம். பைத்தியம் என்று கூட்டத்திலிருந்து தூக்கி வெளியே போட்டார்களாம். “அவனுக்கு என்ன தெரியும்” என்று அன்று சிரித்த ஆட்களின் பெயர் ஒன்றுகூட யாருக்கும் தெரியாது என்று அந்தப் பெண் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குவிமாடத்தின் உச்சிக்கு ஏறலாம் என்றார்கள். நானூற்று அறுபத்து மூன்று படி. பாதிப் பேர் உட்கார்ந்துவிட்டார்கள். நான் ஏறினேன், என் மனைவியும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஏறினாள். அது ஒரு கூரை இல்லை, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கூரை. நடுவில் உள்ள சந்தில்தான் படி போகிறது. ஏற ஏறச் சுவர் நம் தோள்மேல் சாய்ந்துகொண்டே வருகிறது. செங்கலைத் தொட்டுப் பார்த்தேன். சில கல் படுத்திருக்கிறது, சில கல் செங்குத்தாக நிற்கிறது, மீன் முள்ளைப் போல. ஈரக் கலவையோடு சாய்ந்து நிற்கும் கல் வழுக்கி விழாமல் இருக்க, நிற்கிற கல் அதைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு கல்லை இன்னொரு கல் பிடித்துக்கொண்டே போய் மொத்தக் கூரையும் காற்றில் மூடியிருக்கிறது. வேலையாட்கள் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கி ஏறினால் நேரம் போகும் என்று சாப்பாடு மேலேயே போனதாம். சீசன் நேரத்தில் நாங்களும் மிஷின் பக்கத்திலேயே தூக்குச் சட்டியைத் திறந்தவர்கள்தான். ஐந்தாறு நூற்றாண்டுக்கு முந்தைய அந்த ஆட்கள் உட்கார்ந்து சாப்பிட்ட சந்தில் நான் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறேன் என்று நினைத்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது.

உச்சியில் காற்று அடித்தது. கீழே ஊர் முழுக்கச் சிவப்பு ஓடு. மணிக்கோபுரமே எங்களைவிடத் தாழ்வாகத் தெரிந்தது. அது இடத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

இறங்கி வந்து முன்வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெண் கடைசிக் கதையைச் சொன்னாள். அதே பொற்கொல்லன், குவிமாடத்துக்கு முன்பே, இதே வாசலில் நின்று எதிரே உள்ள எண்கோண ஞானஸ்நானக் கோயிலை ஒரு சின்னப் பலகையில் வரைந்தானாம். தூரத்தில் உள்ளது எவ்வளவு சிறுத்துத் தெரியும் என்று உலகத்துக்குக் கணக்கோடு காட்டிய படம் அதுதானாம். வரைந்து, பலகையில் ஒரு ஓட்டை போட்டானாம். பார்க்கிறவன் பலகையின் பின்பக்கம் கண்ணை வைத்து, ஓட்டை வழியாக, எதிரே பிடித்த ஒரு கண்ணாடியில் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். கண்ணாடியில் பார்த்தால்தான் படமும் ஊரும் ஒன்றுபோல இருக்கும். நேரே பார்த்தால் இடம் வலம் மாறியிருக்கும். அந்தப் பலகை இன்றைக்கு இல்லை, கதைதான் இருக்கிறது என்றாள்.

நான் ஒரு ஷூவோடு எழுந்து நின்றேன். இடம் வலம் மாறிய படம், இதே வாசலில்! அவன் தெரிந்து செய்தான், நான் தெரியாமல் செய்தேன்.

“உன் கண்ணாடியக் குடு” என்றேன் மனைவியிடம். பொட்டு வைத்துக்கொள்ள அவள் கைப்பையில் எப்போதும் ஒரு வட்டக் கண்ணாடி இருக்கும். ஏன் என்று கேட்காமல் கொடுத்தாள். சதுக்கத்துக்குள் இறங்கிப் போய், கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்தேன். உள்ளங்கை அளவில் வெள்ளைச் சுவர், சிவப்புக் குவிமாடம், இடது பக்கம் மணிக்கோபுரம். அப்படியே என் காலண்டர். அச்சு அசல். கண்ணாடியின் ஓரமாக ஒரு வாடகைக் கார் போனது, ஸ்டீரிங் வலது பக்கம். திரும்பி நேரே பார்த்தேன், அது இடது பக்கம். பக்கத்தில் ஒரு ஆள் ஐஸ்கிரீம் விற்றுக்கொண்டிருந்தார். சட்டைப் பை, எல்லா ஊரிலும் இருப்பது போல, இடது நெஞ்சில் இருந்தது.

அவ்வளவு அழகுக்கு முன்னால் நின்றுகொண்டு எனக்கு அவ்வளவு கேவலமாக இருந்தது.

“ஒனக்குத் தெரியுமா?” என்றேன்.

“முக்குத் திரும்புதப்பவே பாத்துட்டேன். எங்க அண்ணன் சொன்னத மறப்பேனா? நீங்களாப் பாக்கட்டும்னுதான் வாயத் தொறக்கல.”

“தப்பு என்னோடதுதான்” என்றேன். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அந்த வார்த்தையை அவள் என் வாயிலிருந்து கேட்டதில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அங்கேயே ஒரு போஸ்ட் கார்டு வாங்கினேன். அதில் மணிக்கோபுரம் வலது பக்கம் இருக்கிறதா என்று இரண்டு தடவை சரிபார்த்தேன்.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள், வெற்றிலை பாக்கு, பழத்தட்டோடு இருவரும் ஆனைக்குட்டத்துக்குப் போனோம். அவர் அங்கே வீடு கட்டிக் குடியிருந்தார். வாசலில் எங்களைப் பார்த்ததும் எழுந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

“வாங்க மாப்ளே. உள்ள வாங்க. இருங்க.”

மூன்று ‘ங்க’. என் மனைவி அழுதுகொண்டே மதினியோடு உள்ளே போய்விட்டாள். நான் போஸ்ட் கார்டை நீட்டினேன். “இத்தாலிக்குப் போயிருந்தோம் மச்சான். நீங்க சொன்னதுதான் சரி. பிலிம் திரும்பித்தான் இருந்துச்சு. அம்புட்டுப் பேருக்கு முன்னால உங்கள அப்பிடிச் சொன்னேன் பாருங்க, அது அதவிடப் பெரிய தப்பு.”

அவர் கார்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பி வைத்தார். “வெயில்ல வந்திருக்கீக. மூஞ்சி கழுவிட்டு வாங்க, காபி குடிக்கலாம்” என்று மட்டும் சொன்னார்.

மனசு விட்டுப் போய்விட்டது. மகள் மணையில் உட்காரும்போது பக்கத்தில் மாமன் இல்லாத இடம்தான் கண்ணில் வந்தது. எழுந்து பின்கட்டுக்குப் போனேன். தொட்டியில் தண்ணீர் மொண்டு முகத்தில் அடித்துவிட்டு நிமிர்ந்தேன். சுவரில் சவரக் கண்ணாடி. அதில் என் ஈர முகம். என் தோளுக்கு மேலே, வெள்ளைச் சுவர், சிவப்புக் குவிமாடம், வலது பக்கம் மணிக்கோபுரம்.

சட்டென்று திரும்பினேன். எதிர்ச் சுவரில் என் காலண்டர். தேதித் தாள் என்றைக்கோ தீர்ந்துபோய், வெளுத்த படம் மட்டும் ஆணியில் தொங்கியது. அதில் கோபுரம் இடது பக்கம். மறுபடி கண்ணாடியைப் பார்த்தேன். வலது பக்கம். அவர் வேண்டுமென்றேதான் இரண்டையும் நேருக்கு நேர் மாட்டியிருக்கிறார். பதினெட்டு வருடமாகத் தினமும் காலையில், ஊரைத் தாண்டாமலே, அந்தக் கோயிலைச் சரியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் கடல் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அவருக்குச் சொல்கிறேன்.

துண்டோடு அவர் பின்னால் வந்து நின்றார். கண்ணாடிக்குள் நாங்கள் இரண்டு பேரும், நடுவில் அந்தக் குவிமாடமும் இருந்தோம். அவர் கண்ணாடியில் காருக்குப் பக்கத்தில் நின்ற அந்தக் குட்டி மனிதனை விரலால் தொட்டுக் காட்டினார்.

“இப்பச் சொல்லு, சட்டைப் பை எந்தப் பக்கம்லே இருக்கு?”

“எடப் பக்கம் மச்சான்” என்றேன்.